குடலுக்குள் ஓர் உறை: விற்பனை முந்தியது, சோதனை பிந்தியது

இரண்டடி நீளத்தில், டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய உறை. எண்டோஸ்கோப்பி மூலம் வாய்வழியே கொண்டுபோய், இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் பொருத்துவார்கள். உண்ட உணவு உறைக்குள்ளேயே இறங்கிவிடும். குடலின் முதல் பகுதியில் படாது. கத்தி இல்லை, தையல் இல்லை, ஓராண்டுக்குள் உருவி எடுத்துவிடலாம். பருமனையும் சர்க்கரை நோயையும் கட்டுப்படுத்த அமெரிக்காவின் ஜி.ஐ. டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எண்டோபேரியர்தான் இது.

யோசனை வலுவானது. இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்ட பலருக்கு, உடல் மெலிவதற்கு முன்பே சர்க்கரை கட்டுக்குள் வந்ததை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அதில் சிறுகுடலின் முற்பகுதிக்குப் பங்கு உண்டு என்பதை ஃபிரான்செஸ்கோ ரூபினோ எலிகளிடம் நடத்திய ஆய்வு 2004-இல் காட்டியது. அறுவைக்கு அஞ்சியே சிகிச்சையைத் தள்ளிப்போடும் நோயாளிக்கு இப்படி ஓர் உறை எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஐரோப்பா முந்திக்கொண்டது. 2010 வாக்கிலேயே சிஇ முத்திரை என்ற விற்பனை அனுமதியைப் பெற்று உறை விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவசரப்படவில்லை. 2013-இல் அங்கு தொடங்கிய சோதனையில் ஒரு பிரிவினருக்கு உறை. மறு பிரிவினருக்கு வெறும் எண்டோஸ்கோப்பி. தனக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னர் அவரைக் கவனித்த மருத்துவருக்கும் தெரியாது.

பலன் தெரிந்தது. ஓராண்டில் உறை பொருத்தியவர்களின் எடை சராசரியாக 7.7 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 2.1 சதவீதம்தான். ஆனால் உறை பொருத்தியவர்களில் 3.5 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது. உறையைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கொக்கிகள் குடற்சுவரில் குத்திய இடம் வழியாகக் கிருமிகள் கல்லீரலை எட்டியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. 2015-இல் சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

அந்தச் சோதனை தோற்றுவிட்டது என்று எழுதுவது தவறு. அது தன் வேலையைச் செய்தது. கேள்வி கேட்க வேண்டியது ஐரோப்பாவை. அங்கே அனுமதி 2017 நவம்பர் வரை நீடித்தது. பர்மிங்காம் சிட்டி மருத்துவமனையில் மருத்துவர் பாப் ரைடரின் குழு பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ் வழியாகவே இந்த உறையைப் பொருத்தியது. எடையும் சர்க்கரையும் குறைந்து நலம் பெற்றவர்கள் அங்கு உண்டு. ஆனால் பல நாட்டு நோயாளிகளின் விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் பதிவேட்டை பிரிட்டன் நீரிழிவு மருத்துவர்கள் தொடங்கியது 2017-இல்தான். விற்பனை தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து, அனுமதி பறிபோன அதே ஆண்டில்!

2018-இல் எஃப்டிஏ இதே உறைக்கு இன்னொரு சோதனையை அனுமதித்தது. அது நியாயமான முடிவே. பருமனோடும் சர்க்கரையோடும் போராடுபவர்களுக்கு மாத்திரைக்கும் அறுவைக்கும் நடுவே ஒரு வழி வேண்டும். ஆனால் குடலுக்குள் வைக்கும் எந்தச் சாதனமும் முதல் நோயாளியிலிருந்தே பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும்; உருவி எடுத்த பிறகு நோயாளி என்ன ஆனார் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தச் செலவை விற்கும் நிறுவனமே ஏற்கட்டும்.