யார் பெயரில் வியாபாரம்?

அரசாங்க டென்டர்கள் எமக்குக் கிடைப்பதில்லை என்பது மஹய்யாவ வர்த்தகர்களிடம் நான் நெடுநாளாகக் கேட்டுவரும் குறை. சிறுபான்மையினரின் வியாபாரங்களை அத்தாட்சிப்படுத்தி அரசு தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை.

வெளிநாடுகளில் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. இந்தியாவின் 2012 ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, மத்திய அரசின் கொள்வனவில் 25 வீதம் குறு, சிறு தொழில்களுக்குரியது. அதற்குள் 4 வீதம் தலித், பழங்குடி உரிமையாளர்களுக்கு. 2018 இல் பெண்களுக்கென 3 வீதமும் சேர்க்கப்பட்டது.

ஆனால் எமது நாட்டு அனுபவம் வேறு. 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகள் தேடப்பட்டன. 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் எமது கடைகள் எரிந்தன. 2019 இல் கடைகளைப் பகிஷ்கரிக்கும் பிரசாரம் நடந்தது. இன்னார் கடை இன்னாருடையது என்று அரசே எழுதி வைக்கும் பட்டியல் நாளை யார் கைக்குப் போகும்?

பெண்களின் வியாபாரங்களுக்கான பதிவேடு அப்படியல்ல. அது எல்லா இனத்தவருக்கும் பொதுவானது. வீட்டிலிருந்தே தையல் தைப்போரும் சிற்றுண்டி செய்து கொடுப்போரும் எமது பகுதியில் இருக்கின்றனர். வைத்தியசாலைக்கோ பாடசாலைக்கோ சீருடையும் உணவும் வழங்க அவர்களாலும் முடியும். ஆகவே நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். எம்மில் பலர் வசதிக்காக மனைவியின் பெயரில் வியாபாரத்தைப் பதிந்துவிட்டு, காசோலைப் புத்தகத்தைத் தமது பையில் வைத்திருக்கின்றனர். அமெரிக்காவில் பெண்ணின் நிறுவனம் என்று அத்தாட்சி பெற 51 வீத உரிமை மட்டும் போதாது. நிர்வாகமும் அவள் கையில் இருக்க வேண்டும். இங்கும் அதே நிபந்தனை வேண்டும். இல்லாவிட்டால் உண்மையாக உழைக்கும் பெண்ணின் இடத்தைப் போலிப் பெயர்கள் பிடித்துக்கொள்ளும்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. அரச நிறுவனங்கள் அடுத்த வருடத்துக்கான வழங்குநர்களைப் பதிவு செய்யப் பெரும்பாலும் வருட இறுதியில் பத்திரிகைகளில் விளம்பரம் செய்கின்றன. அதற்கு முதலில் தேவை வியாபாரப் பெயர்ப் பதிவு. அதைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பெரிய ஒப்பந்தங்களுக்கு 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடமும் பதிய வேண்டும்.

பதியாதவருக்கு விலைமனு அழைப்பு வராது. உங்கள் வீட்டுப் பெண் தொழில் செய்கிறாளா? அவள் பெயரிலேயே பதியுங்கள். காசோலையிலும் அவளே கையொப்பமிடட்டும்.