ஞெலிகோலும் மண்ணெண்ணெயும்

கடந்த பள்ளி விடுமுறையில் மாணவர்களோடு சாரணர் பாசறை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இரண்டாம் நாள் இரவு பாசறைத் தீ. அடுக்கிய விறகின்மேல் ஒருவர் மண்ணெண்ணெயை ஊற்றினார். இன்னொருவர் லைட்டரைத் தட்டினார். தீ குபீரெனப் பற்றியது. எல்லாரும் கைதட்டினர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும், "ஐயா, லைட்டர் இல்லாவிட்டால் எப்படி மூட்டுவது?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அவன் தோழன், "இரண்டு கல்லை உரசணும்" என்று விடை சொல்லிவிட்டான்.

அவ்விடை நம் மாணவர் கட்டுரைகளில் ஆண்டுதோறும் வருவது. நாமும் சரியென்று குறியிட்டு வருகிறோம். உண்மையில் ஆற்றங்கரைக் கற்கள் இரண்டை எவ்வளவு உரசினாலும் பஞ்சு பற்றாது. சிக்கிமுக்கிக் கல்லை எஃகின்மீது அடிக்க வேண்டும். அப்போது பறப்பது கல்லின் பொறியன்று; கல் சீவியெடுத்த இரும்புத் துகள் காற்றில் எரிவதே அப்பொறி.

நம் முன்னோர் மரத்திலிருந்தும் தீயெடுத்தனர். தீக்கடைகோல், ஞெலிகோல் என்னும் சொற்களே அதற்குச் சான்று. தயிரைக் கடைவதற்கும் தீயைக் கடைவதற்கும் ஒரே வினைச்சொல்! கீழ்க்கட்டையின் குழியில் கோலை நட்டு விரைந்து சுழற்றினால் கருந்தூள் சேர்ந்து, புகைந்து, கங்காகும். அதனை உலர்ந்த நாரில் ஏந்தி மெல்ல ஊத வேண்டும். புறநானூற்றின் 315ஆம் பாடலில் ஔவையார், அதியமானை வீட்டிறப்பில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். இருக்குமிடம் தெரியாமலும் இருப்பான். வேண்டும்போது தீயாகவும் தோன்றுவான் என்பது கருத்து. இவ்வுவமையைப் பலமுறை வியந்து பேசியிருக்கிறேன். ஞெலிகோலைக் கையால் தொட்டதில்லை.

வெட்கம் உந்த, கிள்ளானில் என் வீட்டுப் பின்புறத்தில் மூன்று மாலை முயன்றேன். உள்ளங்கை கொப்பளித்தது, புகை வந்தது, கங்கு வரவில்லை. மழையும் ஈரக்காற்றும் ஓயாத நம் நாட்டில் விறகை உலர்த்துவதே பாதி வேலை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்த ஈரத்திலேயே வாழ்ந்த இம்மண்ணின் மக்கள் வேறு வழிகளையும் கண்டிருந்தனர். ஒராங் அஸ்லி மக்கள் உலர்ந்த கட்டையின்மேல் பிரம்பு நாரை வாள்போல் இருபுறமும் மாறி மாறி இழுத்துத் தீயெடுத்தனர். மலாய்க்காரர்களிடம் 'கோபெக் ஆப்பி' இருந்தது. கோபெக் என்பது பல்லில்லாத முதியவர் வெற்றிலை பாக்கு இடிக்கும் குழல்; ஆப்பி என்றால் தீ. ஒருமுனை அடைத்த சிறு குழலுக்குள், நுனிக்குழியில் பஞ்சு வைத்த தண்டை ஓங்கி அறைந்து உடனே இழுத்தால் பஞ்சு கனன்றிருக்கும். நெருக்குண்ட காற்று சூடாவதே காரணம். டீசல் இயந்திரம் எரிபொருளைப் பற்றவைப்பதும் இம்முறையில்தான். 1907இல் ஆக்ஸ்போர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஹென்றி பால்ஃபர் இத்தகைய கருவியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆக்ஸ்போர்டுக்காரர் தேடி ஆராய்ந்ததை இங்கேயே பிறந்த நாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோமா?

ஆகவே, நம் தமிழ்ப்பள்ளிப் பாசறைகளில் ஒரு மாலைப்பொழுதையேனும் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஞெலிகோல், பிரம்பு நார், கோபெக் ஆப்பி மூன்றையும் மாணவர் தாமே செய்து பார்க்கட்டும். தமிழும் அறிவியலும் இந்நாட்டு வரலாறும் ஒரே இடத்தில் கூடும் பாடம் வேறெங்கே கிடைக்கும்?

பிள்ளைகளிடம் தீயா என்று பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டோம். புகைமூட்டக் காலத்தில் பாசறைத் தீயே வேண்டா. ஏனைய நாள்களில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வாளியில் நீர் இருக்க, உள்ளங்கையளவு நாரில் ஒரு கங்கை ஊதுவதைக் காட்டிலும் விறகின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதே எனக்குப் பேரிடராகத் தெரிகிறது. அதை யாரும் தடுத்ததில்லை.

அடுத்த பாசறைக்கான பொருட்பட்டியலில் மண்ணெண்ணெயை அடித்துவிட்டு, பிரம்பு, மூங்கில், தேங்காய் நார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியர் இன்னும் கையொப்பமிடவில்லை. கேள்வி கேட்ட மாணவனோ அன்றாடம் ஓய்வு வேளையில் வந்து, "ஐயா, பிரம்பு வந்துவிட்டதா?" என்கிறான்.