தண்டி காஞ்சிக்காரர்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் தீவக அணிக்கும் நிரல்நிறை அணிக்கும் இலக்கணம் சொல்லி, சான்று காட்டி, மதிப்பெண் வாங்குகிறார்கள். இவ்வணிகளை விரிவாக விளக்கும் தமிழ் நூல் தண்டியலங்காரம். அதற்கு முதல்நூல் வடமொழியில் உள்ள காவியாதர்சம். அதை இயற்றிய தண்டி எந்த ஊர்க்காரர் என்று கேட்டால்தான் பலரும் தயங்குவார்கள். அவர் காஞ்சிபுரத்துக்காரர். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவனின் காலத்தை ஒட்டி, 7-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்.

வடமொழியில் எழுதினார் என்பதற்காகவே அவரைத் தமிழ்நாட்டு இலக்கிய வரலாற்றின் ஓரத்தில் நிறுத்திவைப்பது சரியல்ல.

தண்டியின் வாழ்க்கை பற்றிய செய்திகள் அவருடைய 'அவந்திசுந்தரி கதை'யின் தொடக்கத்தில் கிடைக்கின்றன. முழுமையாகக் கிடைக்காத இந்த உரைநடைக் காவியத்தை 1924-இல் இராமகிருஷ்ண கவி பதிப்பித்தார். தண்டியின் கொள்ளுத்தாத்தா தாமோதரர் வடக்கிலிருந்து வந்து பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் அவையில் இடம்பெற்றவர். தண்டியோ சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பகைவர் படை காஞ்சியைச் சூழ்ந்தது, பஞ்சம் வந்தது, ஊர் காலியானது. சாளுக்கியப் படையெடுப்போடு ஆய்வாளர்கள் இதைப் பொருத்திப் பார்க்கின்றனர். பல ஊர் சுற்றிய அந்த இளைஞர், அமைதி திரும்பிய பிறகே காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பல்லவர் வரலாற்றைச் செப்பேடுகளின் வழியாகவும் கல்வெட்டுகளின் வழியாகவும் மட்டுமே அறிந்தவர்களுக்கு, போரில் சிதறிய ஒரு குடும்பத்துப் பிள்ளையின் குரல் இங்கே கேட்கிறது.

நூலின் அதே தொடக்கப் பகுதியில் மாமல்லபுரமும் வருகிறது. கடலோரத்தில் பள்ளிகொண்ட திருமாலின் சிலையில் ஒடிந்த கையை லலிதாலயர் என்ற சிற்பி ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிட்டார். அதைப் பார்க்கத் தண்டியை அழைத்துச் செல்கிறார்கள். இந்த லலிதாலயர் தமிழில் சூத்திரகன் கதையை எழுதியவர் என்றும் நூல் குறிப்பிடுகிறது. உளி பிடித்த கையால் தமிழில் நூலும் எழுதிய ஒருவரைப் பற்றி ஒரு வடமொழி நூல் சொல்கிறது. பல்லவர் காலத் தமிழ் என்றால் தேவாரமும் பாசுரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு வெளியேயும் தமிழ் எழுத்து இயங்கியதற்கு இது சாட்சி.

தண்டியின் இன்னொரு உரைநடை நூல் தசகுமார சரிதம். பத்து இளைஞர்களின் சாகசக் கதைகள். திருடர்கள், சூதாடிகள், கணிகையர், போலித் துறவிகள் என அரண்மனைக்கு வெளியே இருக்கும் உலகம் இதில் நிறைந்திருக்கிறது.

அதில் வரும் கோமினியின் கதை தமிழ் மண்ணில் நடக்கிறது. காஞ்சியைச் சேர்ந்த பணக்கார வணிகரின் மகன் சக்திகுமாரன், சோதிடன் வேடத்தில், சிறிது நெல்லைத் துணியில் முடிந்துகொண்டு பெண் தேடிப் புறப்படுகிறான். இந்த நெல்லை வைத்தே முழுச் சாப்பாடு போட முடியுமா என்று கேட்கிறான். பல வீடுகளில் சிரித்துத் துரத்துகிறார்கள். காவிரிக்கரை ஊர் ஒன்றில், நொடித்துப்போன குடும்பத்துப் பெண் கோமினி சம்மதிக்கிறாள். நெல்லை வெயிலில் காயவைத்து, உமி நொறுங்காமல் பிரித்தெடுக்கிறாள். நகைக்கு மெருகேற்ற உமி உதவும் என்பதால் அதைத் தட்டாரிடம் விற்று, அந்தக் காசில் விறகும் சட்டியும் வாங்கச் சொல்கிறாள். அரிசியைக் குத்திப் புடைத்துக் களைந்து, ஐந்து மடங்கு நீரில் வேகவைத்துக் கஞ்சி வடிக்கிறாள். எரிந்த விறகை நீர் தெளித்து அணைத்து, அந்தக் கரியையும் விற்றுக் காய்கறி, நெய், தயிர், எண்ணெய், புளி, நெல்லிக்காய் வாங்குகிறாள். விருந்தாளி எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் வாழை இலை போட்டு, முதலில் கஞ்சி, பிறகு நெய்யோடு சோறும் கறியும், கடைசியில் தயிரும் மோரும் பரிமாறுகிறாள்.

மனைவிக்குப் பரீட்சை வைக்கும் கணவனையும், மணந்த பின்னர் அவன் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணையும் இன்றைய வாசகர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால், 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்படியை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் எழுத்து அரிது.

சொல் விளையாட்டிலும் தண்டி சளைத்தவரல்ல. காதலி கடித்ததால் உதடு புண்ணான மந்திரகுப்தன், உதடு ஒட்டும் ஒலிகளே வராமல் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். தமிழில் நிரோட்டகம் என்று வழங்குவது இதுதான். சிவப்பிரகாச சுவாமிகளின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை ரசித்தவர்களுக்கு மந்திரகுப்தன் அந்நியனாகத் தெரிய மாட்டான்.

காவியாதர்சம் எட்டிய தொலைவு வியப்பூட்டுவது. 9-ஆம் நூற்றாண்டில் கன்னடத்தின் கவிராஜமார்க்கம் அதைத் தழுவி எழுந்தது. சிங்களத்தில் சியபஸ்லகர வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் காவியாதர்சம் திபெத்திய மொழியில் பெயர்க்கப்பட்டு, அங்கே கவிதைக் கல்வியின் அடிப்படை நூலானது. எழுதும் முறைகளுக்கு எல்லையில்லை என்று தண்டி ஒப்புக்கொள்கிறார். பிறவித் திறமை குறைந்தவரும் படிப்பாலும் இடைவிடாத முயற்சியாலும் கவிதை கைவரப் பெறலாம் என்று தெம்பூட்டுகிறார். பல மொழியினரும் இந்நூலைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள இந்தத் தாராளம் இடம் கொடுத்தது.

தண்டியைக் கொண்டாடினால் தமிழின் தனித்தன்மை குறைந்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அதற்கு அடிப்படையில்லை. சோழர் காலத்தில் எழுந்த தண்டியலங்காரம் தமிழ்ப் பாக்களையே சான்றாகத் தந்து, அநபாய சோழனைப் புகழ்ந்து, முழுத் தமிழ் நூலாகவே நிற்கிறது. தண்டியிடம் பெற்றதைக் கவிராஜமார்க்கம் மறைக்க வேண்டியிருக்கவில்லை. கன்னடர்கள் அதைத் தங்கள் மொழியில் கிடைக்கும் மிகப் பழைய நூலாகப் போற்றுகிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. காவியாதர்சத்தையும் தண்டியலங்காரத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்த ஒப்பீட்டுப் பதிப்பு கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கு வேண்டும். அவந்திசுந்தரி கதையின் தொடக்கப் பகுதி, பல்லவர் கல்வெட்டுக் குறிப்புகளோடு நல்ல தமிழில் வர வேண்டும். தசகுமார சரிதத்துக்கு மாவட்ட நூலகம்தோறும் கிடைக்கும் மலிவான, குறிப்புரையுடன் கூடிய பதிப்பு வேண்டும். வடமொழியும் தமிழும் ஒருசேரக் கற்ற அறிஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களும் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் அவர்களை அழைத்து இந்தப் பணியை உடனே தொடங்க வேண்டும்.