கருப்புத் திரைக்கு 6,500 ரூபாயா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

செட்டிங்ஸில் எதையோ மாற்றியவுடன் திரை கருப்பாகிவிட்டால், நம் ஊரில் உடனே இரண்டு தீர்ப்புகள் வரும். கடைக்காரர் சொல்வது, "டிஸ்ப்ளே போயிடுச்சு." பக்கத்து வீட்டு அறிவாளி சொல்வது, "ஃபார்மட் அடிச்சிடு." இரண்டுமே பெரும்பாலான நேரங்களில் தவறு. முதலாவது பணத்தைத் தின்னும். இரண்டாவது பிள்ளையின் உழைப்பைத் தின்னும். நேற்றுவரை ஒழுங்காக எரிந்த திரை, நீங்கள் ஒரு மெனுவில் கை வைத்த அதே நொடியில் தற்செயலாகப் பழுதாகிவிட்டது என்று நம்ப வேண்டுமா? மாற்றியது செட்டிங்ஸ் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் செட்டிங்ஸ்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும் கணக்கு இது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் மகள் பி.காம் கடைசி வருடம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். கல்லூரியில் செமினாருக்காகப் புரொஜெக்டரில் மாட்டியிருக்கிறாள். கேட்ட நான்கு வழிகளில் "இரண்டாம் திரை மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். செமினார் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் கும்மிருட்டு. கடைக்குக் கொண்டுபோனால் பேனல் மாற்ற 6,500 ரூபாய், "எதுக்கும் ஃபார்மட்டும் பண்ணிடலாம்" என்று ஒரு யோசனை வேறு. உள்ளே 40 பக்க ப்ராஜெக்ட் இருக்கிறது, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அம்மா என்னிடம் கேட்டது லேப்டாப்பைப் பற்றியே இல்லை. "சார், வட்டிக்கு வாங்கிக் கட்டிடட்டுமா?" என்றுதான் கேட்டாள்.

கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, ஆன் பண்றப்ப கம்பெனி லோகோ தெரியுதான்னு பாத்தியா?" "இல்ல சார், இதெல்லாம் டிஸ்ப்ளே கம்ப்ளைன்ட்தான்." பார்க்கவே இல்லை! நாடி பிடிக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த கதை.

லேப்டாப்பை வாங்கி வரச் சொல்லி ஆன் செய்து பார்த்தால் லோகோ பளிச்சென்று வருகிறது, அதற்குப் பிறகுதான் இருட்டு. லோகோ தெரிந்துவிட்டால் பேனலுக்கும் அதற்குப் போகும் வயருக்கும் உயிர் இருக்கிறது என்று பொருள். பக்கவாட்டில் பார்த்தேன். புரொஜெக்டரில் இணைக்க உதவும் சின்ன அடாப்டர், எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றுவது, இன்னும் துளையிலேயே செருகியிருந்தது. சில அடாப்டர்கள் அந்தப் பக்கம் எதுவும் இல்லாவிட்டாலும் "இங்கே ஒரு திரை இருக்கிறது" என்று லேப்டாப்பிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பும் நம்பி, இல்லாத புரொஜெக்டருக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன். திரை வந்துவிட்டது. செலவு பூஜ்யம்.

இதைப் படித்துவிட்டு "கடைக்காரனுக்கும் குடும்பம் இருக்கிறது சார்" என்று எழுத வருகிறவர்களுக்கு: இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. பார்த்துச் சரி செய்ததற்கு 200 ரூபாய் கேட்டால் நானே கொடுத்திருப்பேன். அது கூலி. பார்க்காமலே 6,500 கேட்பதற்குப் பெயர் வேறு.

ஆனால் கடைக்காரரைவிட எனக்குக் கோபம் நம் மீதுதான், அதாவது பள்ளிக்கூடத்தின் மீது. இந்த மாநிலத்தில் 2011இல் தொடங்கி லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் விலையில்லா மடிக்கணினி கொடுத்தோம். நல்ல திட்டம், இன்றும் சொல்வேன். பிளஸ் ஒன்னில் சி++ வைத்தோம், பிளஸ் டூவில் பைத்தான் வைத்தோம். இருநிலை எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றச் சொல்லி மார்க் போட்டோம். திரை கருப்பானால் என்ன செய்வது என்று எந்த வகுப்பில் சொன்னோம்? பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறை என்றால் பூட்டு, உறை, "தொடாதே". தொடாமல் படித்த பிள்ளை, வீட்டில் தொட்ட முதல் நாளே பயந்துதான் போகும். "நீங்க பழைய ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றச் சொல்லி இரவு பத்து மணி வரை உட்கார வைத்தீர்களே ஐயா, அப்போது கற்றுக்கொண்டதுதான்.

சரி, அந்த வகுப்பை இங்கேயே எடுத்துவிடுகிறேன். விண்டோஸ் கணினிக்கு மட்டும்.

ரெசல்யூஷன் மாதிரி எதையாவது மாற்றியவுடன் இருட்டானால், கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். "இப்படியே வைத்துக்கொள்ளவா?" என்று அது கேட்டுக்கொண்டிருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. பதில் வராவிட்டால் 15 வினாடியில் பழைய நிலைக்குத் தானே திரும்பும். அதற்குள் பதறிப்போய்ப் பட்டன்களைத் தட்டக் கூடாது.

திரும்பவில்லையா? செருகியிருக்கும் எல்லாக் கேபிளையும் அடாப்டரையும் பிடுங்குங்கள். வெளிச்சம் கூட்டும் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். பிறகு விண்டோஸ் பட்டனோடு பி, பென்சிலுக்கு வரும் பி. மேல் அம்புக்குறி ஒருமுறை, என்டர், சில வினாடி பொறுமை. வராவிட்டால் மறுபடியும். பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்தில் நிற்கிறது என்று தோன்றினால், இருட்டிலேயே பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்டிவிட்டுச் செய்யுங்கள். அடுத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து. இது பஸ்ஸுக்கு வரும் பி. (தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, என்ன செய்ய.) ஒரு 'பீப்' கேட்டு, திரைக்கான டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோட். ஆன் செய்து விண்டோஸ் வரத் தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுது பார்க்கும் மெனு தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ரீஸ்டார்ட் செய்து, எண் 3 அழுத்தினால் குறைந்த ரெசல்யூஷன், 4 அழுத்தினால் சேஃப் மோட். சில கணினிகளில் பிட்லாக்கர் சாவி கேட்கும். அந்த நீண்ட எண்ணை இன்றே, திரை நன்றாக இருக்கும்போதே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது.

லோகோகூடத் தெரியவில்லை என்றால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கில்தான் கோளாறு. டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவியில் தெரிந்து லேப்டாப்பில் லோகோவே வரவில்லை என்றால் அப்போது கடைக்குப் போங்கள், நானும் தடுக்க மாட்டேன். போனாலும் ஃபார்மட்டுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பேனல் பழுதுக்கும் ஹார்ட் டிஸ்க்கை அழிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மென்பொருள் செய்கிற பெரிய கம்பெனிக்காரர்களையும் ஒன்று கேட்க வேண்டும். திரை போனால் மீட்கும் வழியை அந்தத் திரைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே, அந்த நான்கு பட்டன் வித்தையை லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கராக ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

பணியில் இருக்கும் ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பீரியட் போதும். புரொஜெக்டரை மாட்டி, பிள்ளைகளையே "இரண்டாம் திரை மட்டும்" அழுத்தவிட்டு, அவர்களையே திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை. எங்கள் பக்கத்தில் எந்தத் தலைமையாசிரியராவது அந்த ஒரு பீரியடை ஒதுக்கினால் சொல்லுங்கள், கேபிளும் அடாப்டரும் நான் கொண்டுவருகிறேன்.