மட்டை யாருடையது

கிரிக்கெட் கனவான்களின் ஆட்டமாக இருந்த காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மிடையே அநேகர். வீரர்கள் ஏலம் போவதைக் கண்டு மனம் நொந்தவர்கள். அந்த வருத்தம் நமக்கும் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் 'கனவான்' என்பது குணத்தையல்ல, வகுப்பையே குறித்த சொல் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

1806 முதல் 1962 வரை அங்கே 'கனவான்கள்' அணியும் 'ஆட்டக்காரர்கள்' அணியும் மோதிவந்தன. காசு வாங்காமல் ஆடுபவர் கனவான். கூலிக்கு ஆடுபவர் ஆட்டக்காரர். உடை மாற்றும் அறை வேறு, களத்தில் இறங்கும் வாயில் வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால்; மற்றவருக்குப் பின்னால். லார்ட்ஸில் ஒருமுறை ஃபிரெட் டிட்மஸின் தலைப்பெழுத்து தவறுதலாக முன்னால் அச்சாகிவிட, ஒலிபெருக்கியில் திருத்தம் வாசித்தார்கள். (காசு வாங்காத கனவான் டபிள்யூ.ஜி. கிரேஸ் 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் பெற்றது 1,500 பவுன்! உடன் சென்ற கூலி ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 170.)

கனவான்கள் பெரும்பாலும் மட்டை பிடித்தார்கள். வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசுவது கூலிக்காரர் பாடு. இந்த ஏற்பாடு கப்பலேறி இங்கும் வந்தது. வந்த இடத்தில் சாதியும் சேர்ந்துகொண்டது. புனாவில் ஐரோப்பியர் கிளப்பின் மைதானப் பணியாளராக இருந்தவர் பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். கிரெய்க் என்ற துரைக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் ஒருவரும் மட்டையைக் கொடுத்ததில்லை. புனா இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டபோதும், தேநீர் மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

துரைமாரைச் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் தப்பிக்க முடியாது. எங்கள் தெருவில் மட்டை வைத்திருந்தவன் வீட்டில் தொலைக்காட்சியும் இருந்தது. அவனே தலைவன், அவனே முதல் ஆட்டக்காரன். அவுட் ஆனாலும் ஆகமாட்டான். எங்களில் மிக நன்றாகப் பந்து வீசியவன், துணி தேய்ப்பவரின் மகன். வெறுங்கால். பிற்பகல் முழுவதும் வீசுவான். அவன் முறை வரும்போது பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டியிருக்கும். நாளை முதலில் உனக்குத்தான் என்போம். மறுநாளும் பந்தை எடுத்து அவனிடமே எறிவோம்.