பன்னிரண்டடி வீடு

அல்சூருக்கு நாங்கள் திரும்பிவந்து இரண்டு மழைக்காலங்கள் கழிந்துவிட்டன. வெளிவட்டச் சாலைக்கு அப்பால் 11ஆம் மாடியில் வாழ்ந்துவிட்டு, 12 அடி அகலமும் 54 அடி நீளமும் உள்ள பழைய வீட்டுக்குக் குடிபெயரப் போகிறோம் என்று சொன்னபோது, நண்பர்கள் தந்த அறிவுரை ஒன்றே: "இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்புங்கள், வாடகையே கடனை அடைத்துவிடும்." அதை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை, இதே கேள்வியோடு இருக்கும் வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

ஒடுங்கிய வீட்டைப் பற்றி இந்நகரத்தில் ஓர் அச்சம் உண்டு. அதற்கு வரலாறும் உண்டு. 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கியபோது, காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளே அதற்கு இடமளித்தன என்று கருதப்பட்டது. அதன் பின்னரே மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகன்ற மனைகளோடும் நேரான தெருக்களோடும் வளர்ந்தன. 1809இல் கண்டோன்மென்ட் உருவானதை ஒட்டித் தமிழர்கள் பெருகிய அல்சூர்ப் பகுதியோ பழைய நெருக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் குற்றம் அகலத்தில் இல்லை என்பது எங்கள் கருத்து. தஞ்சைப் பகுதி அக்கிரகார வீடுகளின் முகப்பும் குறுகியதே. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் செல்லும் அவ்வீட்டுக்கு முற்றமே மூச்சு. ஜப்பானின் கியோட்டோ நகரிலும் இத்தகைய வீடுகள் உண்டு. விலாங்கு மீனின் படுக்கை என்று அவற்றைக் கேலியாக அழைப்பார்களாம். அவற்றுக்கும் நடுவில் சிறு தோட்டம் இருக்கும்.

எங்கள் வீட்டிலும் முற்றம் இருந்தது. ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்று முந்தைய தலைமுறையினர் அதன்மேல் கல்நார்த் தகடு போட்டு மூடிவிட்டனர். அந்த நாளிலிருந்து பகலிலும் விளக்கெரிந்தது. நாங்கள் செய்த முதல் வேலை அதைத் திறந்ததுதான். ஓர் அறை போயிற்று. மூன்று அறைகளுக்கு வெளிச்சம் வந்தது.

இடிக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுச் சுவர். 12 அடி அகலத்தில் மாடிப்படி மட்டுமே ஒவ்வொரு தளத்திலும் 3 அடியை விழுங்கிவிடும். மேற்கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டது. பத்து உத்தரங்களில் இரண்டு மட்டுமே செல்லரித்திருந்தன. சுவர்களில்தான் தொல்லை. சுண்ணாம்புச் சுவரின் மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்ததால், உள்ளேறிய ஓதம் வெளியேற வழியின்றி இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு உப்பியிருந்தது. மீண்டும் சுண்ணாம்பே பூச வேண்டும் என்றார் மேஸ்திரி. அது காய எடுத்துக்கொண்ட காலத்தில் எங்கள் பொறுமையும் காய்ந்தது. மதிப்பீடு 14 லட்சம். முடிவில் ஆனது 19 லட்சம். பழைய வீட்டைத் தொடுபவர்கள் மதிப்பீட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைப்பது நல்லது.

ஆயினும் சுவரைவிடக் கடினமாக இருந்தவை தாள்கள். வீடு எங்களில் ஒருவருடைய தாயின் பெயரில் இருந்தது. அவர் மறைந்தபின் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. தம்பி வேறு ஊரில் இருக்கிறார். "அக்கா, எனக்கெதற்கு அந்தச் சந்து வீடு? எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்" என்றார். நாங்கள் உடனே இசையவில்லை. அன்பின் பேரில் வாங்கும் கையெழுத்து அடுத்த தலைமுறையில் வழக்காக மாறுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். மதிப்பீட்டாளரை வைத்து விலை கண்டு, அவர் பங்கை வங்கிக் கணக்கின் வழியே செலுத்தி, விடுதலைப் பத்திரம் பதிவு செய்தோம். சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. பணத்தைப் பெற்ற பிறகு தம்பி சில வாரங்கள் பேசவில்லை; தம்மை அந்நியராக்கிவிட்டோம் என்று நினைத்தார் போலும். அது சரியாக நாளாயிற்று. இருப்பினும் செய்ததில் எங்களுக்கு ஐயமில்லை.

அதன் பின்னர் வில்லங்கச் சான்று, காத்தா மாற்றம், தாய்ப் பத்திரத் தேடல். இவை முடியுமுன் ஒரு மூட்டை சிமெண்டும் வாங்காதீர்கள். தாள் சரியாக இல்லாத வீட்டுக்குச் செய்யும் செலவு, நாளை பிறர் கேள்வி எழுப்பக்கூடிய சுவருக்குச் செய்யும் செலவு.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகுதியளவுக்கு முழுவதும் கடன் வாங்குவது எங்களுக்கு உடன்பாடன்று; ஓய்வூதியத்தில் மாதத் தவணை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அதற்குள் நின்றோம். வருமான வரியின் பழைய முறையில், சொந்தக் குடியிருப்பைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு ரூ.30,000 வரையே கழிவு. வாங்கவோ கட்டவோ வாங்கிய கடனுக்கு உள்ள ரூ.2 லட்சம் இதற்குப் பொருந்தாது. புதிய முறையில் தாம் குடியிருக்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை. இதைக் கணக்கிடாமல் தவணையை நிர்ணயிப்பவர்கள் பலர்.

தாயின் பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கத் தம்பிக்கு மனமில்லை. ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவின்படி, கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் திரும்ப வேண்டும் என்பதையும், கடன் தந்தவர் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 ஈடு உண்டு என்பதையும் காட்டிய பிறகே அமைதியானார்.

இப்போது காலையில் சோமேசுவரர் கோயில் மணி கேட்கிறது. 2009இல் திரை விலகிய திருவள்ளுவர் சிலை வரை ஏரிக்கரையில் நடந்துவருகிறோம். மெட்ரோ நிலையம் நடக்கும் தொலைவில் இருப்பதால் காரை விற்றுவிட்டோம். தெருவில் குறை இல்லாமல் இல்லை: இரு சக்கர வண்டிகள் திண்ணையை உரசிச் செல்கின்றன, கோடையில் குழாய் நீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மழைநீர்ச் சேமிப்பு எங்களைப் போன்ற சிறு மனைக்குக் கட்டாயமில்லை. எனினும் முற்றத்தில் விழும் நீரை ஒரு தொட்டிக்குத் திருப்பியிருக்கிறோம்.

மேற்குச் சுவரின் ஒரு பகுதி இன்னும் பாக்கி. மழை விட்டதும் வருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறார். கூடத்தில்தான் படுப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.