முதலில் மைப்படி, பிறகு எஸ்.டி. அட்டை

பழங்கணினியின் வன்தட்டைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் எஸ்.டி. அட்டையைப் பொருத்துவது தொன்மையைச் சிதைக்கும் செயல் என்று சேகரிப்பாளர் சிலர் வாதிடுகின்றனர். தட்டு சுழலும் ஒலியும் பச்சை விளக்கின் சிமிட்டலும் இல்லாத கணினி உயிரற்ற பொம்மை என்பது அவர்கள் கட்சி. தமிழ்நாட்டுக் கோயில் வரலாறு இதற்கு நேர்மாறான வழியைக் காட்டுகிறது. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவர்க் கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன; இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கல் மாறியது, செய்தி மாறவில்லை. படியெடுத்தது முன்னே, இடித்தது பின்னே என்னும் வரிசையைத்தான் இன்று பலரும் தலைகீழாக்குகின்றனர்.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை அட்டையின் பக்கமே நியாயம் இருக்கிறது. இந்தியாவில் 1984-85இல் தொடங்கிய 'கிளாஸ்' பள்ளிக் கணினித் திட்டம் தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவை. செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கு வெளியிட்டது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அப்பொறியும் எஸ்.டி. அட்டையோடு பேசும். காரணம் எளிது: எஸ்.டி. அட்டைக்கு எஸ்.பி.ஐ. என்னும் எளிய தொடர்பு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பிட்டாக அனுப்பத் தெரிந்த எந்தப் பழைய செயலியும் அதைப் பயன்படுத்தலாம். பிபிசி மைக்ரோவின் பயனர் முனையில் சிறு இணைப்பியைச் செருகி, அதற்குரிய ரோம் நிரலை ஏற்றினால் போதும். ஒவ்வொன்றும் 200 கிலோபைட் அளவுள்ள 511 நெகிழ்வட்டுகளின் பிம்பங்கள் ஒரே கோப்பில் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். அட்டை 3.3 வோல்ட்டில் இயங்குவது. பழம்பொறியோ 5 வோல்ட்டைத் தருவது. இடையில் அதைக் குறைக்கும் சுற்று இல்லையென்றால் அட்டை கருகும்.

ஐ.பி.எம். எக்ஸ்.டி. வகைக் கணினிகளுக்கு 'எக்ஸ்.டி.-ஐ.டி.இ.' அட்டை இருக்கிறது. அதில் எஸ்.டி.யைவிடக் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையே சிக்கலின்றி ஒத்துழைக்கும். வன்தட்டின் மொழியை அது இயல்பாகவே பேசும். டாஸ் 3.3 ஒரு பிரிவுக்கு 32 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது என்பதால், 32 ஜிகாபைட் அட்டையை வாங்கிவந்தவர் ஒரு பிரிவில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்து மகிழ வேண்டியதுதான்.

ஆகவே மாற்றுவதில் தவறில்லை. கழற்றிய தட்டைக் காயலான் கடைக்குப் போடுவதே தவறு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதன் இழப்பு இரட்டிப்பானது. ஒரே மேசையில் தமிழும் தெலுங்கும் தட்டச்சான பகுதி அது. ஒருங்குறி பரவுவதற்கு முன் இம்மொழிகள் ஆளுக்கொரு முறையில் கணினியில் ஏறின. சி-டாக்கின் 'ஜிஸ்ட்' முறை இஸ்கி குறியீட்டைப் பயன்படுத்தியது. அதில் தமிழின் 'க'வுக்கும் தெலுங்கின் 'க'வுக்கும் ஒரே எண். எந்த எழுத்தில் காட்டுவது என்பதைத் தனிக் குறிப்பு முடிவுசெய்யும். டி.டி.பி. மையங்கள் பயன்படுத்திய எழுத்துருக்களிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம். கடிதங்களையும் கணக்குகளையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு எழுத்துருவையும் நிரலையும் கைவிட்டால், கிடைப்பது பொருளற்ற குறிகளின் குவியலே.

கல்வெட்டாய்வாளர் கல்லைப் பார்த்துத் தமக்குப் புரிந்த வரியை மட்டும் எழுதிக்கொண்டு போவதில்லை. ஈரத்தாளை ஒற்றி, மை தடவி, சிதைவும் விரிசலும் உட்பட முழுப் பரப்பையும் மைப்படியாக எடுக்கின்றனர், வாசிப்பது பிறகு. திருமலைக் கல்வெட்டுகள், அவற்றுள் பெரும்பாலானவை தமிழ், தேவஸ்தானத்தின் ஆறு தொகுதிகளாக அச்சேறியதற்கு இத்தகைய பொறுமையே அடிப்படை. வன்தட்டுக்கும் அதுவே வழி: முதல் பகுதி முதல் இறுதிப் பகுதிவரை, வெற்றிடம் உட்பட, முழுப் பிம்பம். பல்லாண்டு உறங்கிய தட்டு ஒருமுறைதான் சுழலக்கூடும். அந்த ஒருமுறையில் விண்டோஸ் தானாக எதையும் எழுதிவிடாதபடி எழுத்துத் தடையோடு இணைக்க வேண்டும். எண்பதுகளின் எம்.எஃப்.எம். தட்டாயின் அதன் கட்டுப்பாட்டு அட்டையையும் உடன் வைத்திருத்தல் கட்டாயம். வேறு அட்டையில் அது வாசிக்கப்படாமலே போகலாம்.

இன்னொரு மயக்கமும் களையப்பட வேண்டும். எஸ்.டி. அட்டை காப்பகம் ஆகாது. அதன் நினைவுக் கலங்களில் மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். மலிவான போலி அட்டை முன்னறிவிப்பின்றி மாயும். அன்னமாச்சாரியாரின் 12,000க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் செப்பேடுகளில் நூற்றாண்டுகளைக் கடந்து திருமலையில் கிடைத்தன. அவற்றை வாசிக்கக் கண்ணும் தெலுங்கறிவும் போதுமாயிருந்தன. அந்த நீண்ட உறக்கம் அட்டைக்கு வாய்க்காது. பிம்பத்தின் படிகள் மூன்று இடங்களிலாவது இருக்க வேண்டும். அட்டையில் இருப்பது நாள்தோறும் இயக்குவதற்கான படி மட்டும்.

சுவடிகளைப் பேணும் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஓலையைப் பூச்சியிலிருந்து காக்கும் அதே அக்கறை, கழிவுப் பட்டியலில் ஏறும் கணினிக்கும் நீட்டிக்கப்படலாம். அதற்குப் பெருஞ்செலவில்லை. பிற்கால ஐ.டி.இ. தட்டை யு.எஸ்.பி.யில் இணைக்கும் இணைப்பி சில நூறு ரூபாய்தான். 20 மெகாபைட் தட்டின் முழுப் பிம்பமும் இன்றைய கைப்பேசியில் எடுக்கும் சில ஒளிப்படங்களின் அளவே வரும். ஏலத்திற்குப் பொருள் போகுமுன் ஒரு பிற்பகலை ஒதுக்கினால் போதும்.